பூட்டிவைக்கப்பட்ட தோல்வி

1962ஆம் ஆண்டின் இந்திய–சீனப் போரைப் பற்றி, அதை நடத்தியவர்களே எழுதிய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பவருக்கு ஒரு விசித்திரம் புலப்படும். நான்காவது கோர் படைப்பிரிவின் தளபதியாக இருந்த பி.எம். கௌல் 1967இல் தன் தரப்பை எழுதினார். நாம்கா சூ ஓடைக்கரையில் ஏழாவது பிரிகேடை வழிநடத்திச் சீனர்களிடம் சிறைப்பட்ட ஜான் தால்வி 1969இல் எழுதினார். உளவுத்துறையின் இயக்குநராக இருந்த பி.என். மல்லிக் 1971இல், நான்காவது டிவிஷனின் தளபதி நிரஞ்சன் பிரசாத் 1981இல், தலைமையகத்தில் ராணுவ நடவடிக்கைகளின் இயக்குநராக இருந்த டி.கே. பாலித் 1991இல் என்று வரிசை நீள்கிறது. ஒரே தோல்வியின் வெவ்வேறு படிகளில் நின்றவர்கள் இவர்கள். ஒவ்வொருவரும் மற்றவரை நோக்கிக் கை நீட்டுகிறார்கள். மேலே இருந்தவருக்குக் கீழே இருந்தவர் போரிடாதவர். கீழே இருந்தவருக்கு மேலே இருந்தவர் நிலத்தையே பார்க்காதவர்.

தன்வரலாறுகள் அப்படித்தான் இருக்கும். அதில் குறைகாண நமக்கு எதுவுமில்லை. ஆனால், இவர்களில் எவருக்காகவும் வாதாடாமல், ராணுவமே தன்னைத்தானே விசாரித்து எழுதிய ஒரு பிரதியும் இருக்கிறது. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் 1963இல் அளித்த அறிக்கை அது. அறுபதாண்டுகளைக் கடந்தும் அதை வாசிக்க இந்தியக் குடிமகனுக்கு அனுமதியில்லை. இந்த ஒரு பூட்டு, அந்தப் போரைப் பற்றிய நமது சிந்தனை முழுவதையும் எப்படிக் குலைத்திருக்கிறது என்பதையே இங்கு பேச விரும்புகிறோம்.

முதலில், எதைக் குறித்த சண்டை அது என்பதைச் சற்று நினைவுகூர்வோம். லடாக்கின் கிழக்கே அக்சாய் சின். சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, மரமற்ற, உப்பேரிகள் நிறைந்த, மிக உயரமான பாலைவெளி. மறுகோடியில் அன்று நேஃபா என்றும் இன்று அருணாசலப் பிரதேசம் என்றும் அழைக்கப்படும் மலைக்காடுகள். அவற்றின் மேற்கு மூலையில் தவாங். முதலாவதைச் சீனா கையில் வைத்திருக்க, இந்தியா உரிமை கோருகிறது. இரண்டாவதை இந்தியா ஆள, சீனா உரிமை கோருகிறது.

இரண்டு இடங்களிலும் சிக்கல் காகிதத்திலிருந்தே தொடங்கியது. 1865இல் இந்திய நில அளவைத் துறையைச் சேர்ந்த டபிள்யூ.எச். ஜான்சன் அக்சாய் சின்னைக் காஷ்மீர் மகாராஜாவின் எல்லைக்குள் காட்டினார். 1899இல் அதே பிரிட்டிஷ் அரசு, அந்த வெளியின் பெரும்பகுதியைச் சீனாவுக்கு விட்டுக்கொடுக்கும் வேறொரு கோட்டை பீக்கிங்கிற்கு முன்மொழிந்தது. பதிலே வரவில்லை. ருஷ்யப் பேரரசு நெருங்குகிறது என்ற அச்சம் கூடும்போது கோடு வடக்கே நகர்ந்தது. அச்சம் குறையும்போது தெற்கே இறங்கியது. சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்தது ஓர் எல்லை அன்று, எல்லையைப் பற்றிய பல யோசனைகள்.

கிழக்கில் கதை இன்னும் சுவையானது. 1914 மார்ச்சில் ஹென்றி மக்மோகனும் திபெத்தின் பிரதிநிதி லோன்சென் ஷாத்ராவும் தில்லியில் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டு ஒரு கோட்டை ஒப்புக்கொண்டார்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டு மைல் என்ற அளவிலான வரைபடத்தில், தடித்த சிவப்பு மையால் இழுக்கப்பட்ட கோடு. சீனா அதை ஏற்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவும் சுமார் இருபதாண்டுகள் அதை மறந்தே போயிற்று. 1930களில் ஓலஃப் கேரோ என்ற அதிகாரி அதைத் தூசிதட்டி எடுத்தபோது, அரசின் உடன்படிக்கைத் தொகுப்பில் அது இடம்பெறவில்லை என்பது தெரியவந்தது. 1929இல் வெளியான அத்தொகுதியைத் திரும்பப் பெற்று, உடன்படிக்கையைச் சேர்த்து 1938இல் புதிதாக அச்சிட்டார்கள். ஆனால் அட்டையில் 1929 என்றே போட்டார்கள். அசல் பதிப்பின் ஒரு பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் தப்பிப் பிழைத்ததால் இந்த ரகசியம் பின்னாளில் அம்பலமானது. கோடு உண்மையாகவே 1914இல் போடப்பட்டதுதான். ஆயினும், அதை நிறுவ ஒரு நூலையே மாற்றி அச்சிட வேண்டியிருந்தது என்பதைப் புத்தகங்களோடு வாழும் நம்மைப் போன்றவர்கள் எளிதில் கடந்துவிட முடியாது.

இந்தக் கோடுகளுக்குக் கீழே மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தவாங்கில் மோன்பா மக்கள். பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய பௌத்த மடம். காதல் கவிதைகளுக்காக இன்றும் திபெத்தியர்கள் கொண்டாடும் ஆறாவது தலாய் லாமா சாங்யாங் கியாட்சோ 1683இல் பிறந்தது தவாங் அருகில்தான். ஒரு கவிஞன் பிறந்த ஊர் என்பது வேறெங்கேனும் யாத்திரைக்குரிய காரணமாகியிருக்கும். இங்கோ அது தவாங் தனக்கே உரியது என்று வாதிடும் சீனாவின் சான்றுகளில் ஒன்றாகிவிட்டது. மேஜர் ராலெங்நாவ் காத்திங் 1951 பிப்ரவரியில் படையினருடன் சென்று இந்திய நிர்வாகத்தை நிறுவும்வரை, தவாங்கில் வரி வசூலித்தவர்கள் லாசாவின் அதிகாரிகளே. இரு தரப்பினரும் அந்த மக்களிடம் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

1950இல் வெளியான இந்திய அரசின் வரைபடத்தில் அக்சாய் சின் பகுதியின் எல்லை 'வரையறுக்கப்படாதது' என்றே குறிக்கப்பட்டிருந்தது. 1954 ஏப்ரலில் பஞ்சசீல உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலையில் நேரு ஒரு குறிப்பு எழுதினார்: பழைய வரைபடங்கள் அகற்றப்பட வேண்டும், புதியவற்றில் எல்லை உறுதியான கோடாக இருக்க வேண்டும், அது எவருடனும் விவாதத்துக்குரியதன்று. வரையறுக்கப்படாதது என்ற சொல் அத்துடன் மறைந்தது. சீனாவோ அக்சாய் சின்னின் குறுக்கே சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலையை ஓசையின்றி அமைத்து, 1957இல் அது முடிந்ததாக அறிவித்தது. தனக்குச் சொந்தம் என்று அறிவித்த நிலத்தில் அயலார் ஒரு நெடுஞ்சாலையே போட்டுவிட்டதை இந்தியா தாமதமாகவே உணர்ந்தது. ஒருவர் காகிதத்தில் நிலத்தைப் பிடித்தார். மற்றவர் நிலத்தில் நிலத்தைப் பிடித்தார்.

1959இல் தலாய் லாமா தவாங் வழியாக இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தார். ஆகஸ்டில் லாங்ஜுவிலும் அக்டோபரில் கோங்கா கணவாயிலும் துப்பாக்கிகள் வெடித்தன. 1960 ஏப்ரலில் தில்லி வந்த சௌ என் லாய், கிழக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கை எங்களுக்கு விடுங்கள் என்ற பொருள்படப் பேசினார், எழுதித் தரவில்லை. நேரு ஏற்கவில்லை. 1961 நவம்பரிலிருந்து, சீனர்கள் உரிமை கோரும் இடங்களில் சிறுசிறு காவல் நிலைகளை அமைத்துக்கொண்டே செல்வது என்ற 'முன்னேறும் கொள்கை' நடைமுறைக்கு வந்தது. சீனர்கள் சுட மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அதன் அடித்தளம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எந்தத் தகவல் அதைத் தாங்கியது, எந்தத் தளபதி மறுத்தார், எவர் தலையாட்டினார் என்பவை 1962ஐப் பற்றிய உண்மையான கேள்விகள்.

அக்டோபர் 12 அன்று, கொழும்புக்குப் புறப்படும் வேளையில், நம் பகுதியிலிருந்து சீனர்களை வெளியேற்றும்படி ராணுவத்துக்கு உத்தரவிடப்பட்டுள்ளதாக நேரு பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அக்டோபர் 20 விடியற்காலையில் சீனப் படை இரு முனைகளிலும் இறங்கியது. நாம்கா சூ ஓடைக்கரையில், கோடைக்கால உடையும் கான்வாஸ் காலணியும் அணிந்து, கைவசம் சொற்பத் தோட்டாக்களுடன், எதிரே உயர்ந்து நிற்கும் மலைமுகட்டைக் கைப்பற்ற அனுப்பப்பட்டிருந்த ஒரு பிரிகேட் சில மணி நேரத்தில் சிதறியது. நவம்பர் 18 அன்று லடாக்கில் ரெசாங் லா கணவாயில், 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் நின்ற குமாவோன் ரெஜிமென்டின் சுமார் 120 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பனி விலகத் தொடங்கிய 1963 பிப்ரவரியில் தேடிச் சென்றவர்கள், ஆயுதத்தை விடாத நிலையிலேயே உறைந்து கிடந்த உடல்களைக் கண்டனர். அதே நவம்பர் நாள்களில் கிழக்கே சே லாவும் போம்டிலாவும் ஏறக்குறையப் போரின்றியே வீழ்ந்தன. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போரை நிறுத்தி, கிழக்கில் பிடித்த நிலத்தை விட்டுத் திரும்பிப்போனது. அக்சாய் சின்னைக் கையில் வைத்துக்கொண்டது. இந்திய அரசின் கணக்கில் 1,383 பேர் மாண்டனர்; 1,696 பேர் காணாமற் போயினர்; 3,968 பேர் சிறைப்பட்டனர்.

ரெசாங் லாவும் சே லாவும் ஒரே ராணுவத்தில், ஒரே நாள்களில் நிகழ்ந்தவை. ஆகவே, இந்திய வீரனின் துணிவு இங்கு கேள்விக்குரியதன்று. ஓரிடத்தில் கடைசித் தோட்டாவரை நிற்க முடிந்தவர்கள் மற்றோரிடத்தில் ஏன் நிற்க முடியவில்லை என்பதே கேள்வி. அதற்கு விடை காணவே ஹெண்டர்சன் புரூக்ஸ் பணிக்கப்பட்டார். பயிற்சி, ஆயுதங்கள், கட்டளை முறை, படையினரின் உடல்திறன், தளபதிகளின் தகுதி ஆகியவற்றோடு அவருடைய விசாரணையின் எல்லை சுருக்கப்பட்டிருந்தது. புதிய பாதுகாப்பு அமைச்சர் சவாண் 1963 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அதன் சுருக்கத்தை மட்டும் சொன்னார். அத்துடன் கதவு சாத்தப்பட்டது.

அதன்பின் நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால் எந்தக் கட்சியையும் தனித்துக் குறைகூற இயலாது. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டார். 2010இல் மத்தியத் தகவல் ஆணையம் மறுத்தது. அதே ஆண்டு பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அறிக்கையின் உள்ளடக்கம் இன்றும் ராணுவப் பயன்மதிப்பு உடையது என்றார். 2014இல் 'இந்தியாவின் சீனப் போர்' என்ற நூலை எழுதிய நெவில் மாக்ஸ்வெல், தன்னிடமிருந்த அறிக்கையின் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டபோது, எதிர்க்கட்சி வரிசையிலிருந்த அருண் ஜெட்லி ஆவணங்களைக் காலவரையின்றி மறைத்துவைப்பது தவறு என்று எழுதினார். சில மாதங்களில் அவரே பாதுகாப்பு அமைச்சரானார். வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததன்று என்று மாநிலங்களவையில் சொன்னார். நேருவைக் காப்பதற்காகக் காங்கிரஸ் மறைத்தது என்ற எளிய விளக்கம் இங்கே உதவாது. நேருவைக் காக்கும் தேவை சிறிதும் இல்லாதவர்களும் அதே பூட்டைப் போற்றிப் பாதுகாக்கிறார்கள். காக்கப்படுவது ஒரு மனிதரின் பெயரன்று, ஒரு பழக்கம் என்றே கருத வேண்டியிருக்கிறது.

வெளியிடுவதற்கு எதிரான வாதங்களையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எல்லைச் சிக்கல் இன்னும் தீரவில்லை. அதே மலைகள், அதே கணவாய்கள், அதே எதிராளி. நம் வாயாலேயே நம் காவல் நிலை எந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தது என்று சொன்னால் அது சீனாவின் கையில் ஆயுதமாகாதா? சீனா தன் ஆவணங்களைத் திறக்கிறதா? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. சீன வெளியுறவு ஆவணக் காப்பகம் சில ஆண்டுகள் ஓரளவு திறந்திருந்து மீண்டும் மூடிக்கொண்டது. ஆனால், தேர்தல் இல்லாத ஒரு நாட்டின் மௌனத்தை நம் மௌனத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொள்வது நமக்குப் பெருமையன்று.

முதல் வாதம் கனமானது. ஆயினும், அறிக்கையின் பெரும்பகுதி 2014இலிருந்து இணையத்தில் கிடக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1992இல் தயாரித்த போர் வரலாறும், அதிகாரபூர்வமாக வெளியிடப்படாமலேயே, எல்லோருக்கும் கிடைக்கிறது. பீக்கிங்கில் இருப்பவர் இவற்றை வாசித்திருக்க மாட்டார் என்று எவரும் நம்பப்போவதில்லை. ஆக, இன்று இந்த ரகசியம் மறைக்கப்படுவது எதிரியிடமிருந்து அன்று. கசிந்த படிகளை ஆதாரமாகக் கொள்ளவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் தவிக்கும் மாணவனிடமிருந்தும் ஆய்வாளனிடமிருந்தும் மறைக்கப்படுகிறது.

இதில் வருத்தம் தருவது என்னவெனில், அன்றைய குடியரசு இவ்வளவு அஞ்சியதாக இருக்கவில்லை. 1959 செப்டம்பரிலிருந்து நேருவின் அரசு, சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கைகளாக அச்சிட்டு நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. அதனால் பேச்சுவார்த்தைக்கான இடம் சுருங்கிப்போயிற்று என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மையும் இருக்கலாம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இளம் உறுப்பினரான வாஜ்பாயி முதலியோர் கோரியபடி, நவம்பர் 8 அன்று நாடாளுமன்றம் கூடியது. ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. எதிரி மலையிறங்கிக்கொண்டிருந்தபோது பிரதமரை வெளிப்படையாக விசாரித்த ஒரு தேசம், அறுபதாண்டுகளுக்குப் பின் ஒரு பழைய அறிக்கையைக் கண்டு அஞ்சுகிறது.

பிரதி மறைக்கப்பட்ட இடத்தில் கதை வந்து அமர்ந்துகொள்ளும். 1962ஐப் பொறுத்தவரை அந்தக் கதையின் பெயர் துரோகம். மல்லிக்கின் நூலுக்கே துணைத்தலைப்பு சீனத் துரோகம் என்பதுதான். 'இந்தி–சீனி பாய் பாய்' என்று கைகுலுக்கியவன் முதுகில் குத்தினான் என்பது நம் பொதுநினைவில் உறைந்துவிட்டது. திரைப்படங்களும் அதையே தொடர்ந்தன. தமிழில் 1963இல் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த 'ரத்தத் திலகம்' வந்தது. மறு ஆண்டு இந்தியில் 'ஹகீகத்'. நம்மில் முந்தைய தலைமுறையினர் பலருக்கு அந்தப் போர் என்றால் அந்தப் படம்தான். தொலைதூரத்து மலையில் நடந்த அச்சண்டை தமிழக அரசியலையே திருப்பிவிட்டது; அண்ணா திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கிவைத்தது அப்போதுதான். இருந்தும், அதன் காரணங்களைப் பற்றிய விரிவான விவாதத்தை நாம் தமிழில் அதிகம் கண்டதில்லை. கண்ணீர் இருந்தது, வாசிப்பு இல்லை. சீனாவின் கபடம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. துரோகம் என்ற சொல் எல்லாவற்றையும் விளக்கிவிடுவதால், அதற்கப்பால் எதையும் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது என்பதே நமது கவலை.

அந்தக் கதைக்குப் பலியானவர்களும் உண்டு. துரோகி எல்லைக்கு அப்பால் போய்விட்ட பிறகு, அவனுடைய முகச்சாயல் உள்ளவர்கள் இங்கே அகப்பட்டார்கள். அசாமிலும் வங்கத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர், விசாரணையின்றிக் கைதுசெய்யப்பட்டு, பல நாள் ரயில் பயணத்தில் ராஜஸ்தானத்தின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தச்சர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், பள்ளிப் பிள்ளைகள். கடைசிச் சிலர் வெளியே வந்தது 1967இல். பலரின் வீடுகளும் கடைகளும் ஏலம் போயிருந்தன. இதற்காக இந்திய அரசு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. மாகும் என்ற சிற்றூரிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட அந்த மக்களைப் பற்றி அசாமிய எழுத்தாளர் ரீட்டா சௌதுரி 2010இல் 'மாகாம்' என்ற நாவலை எழுதினார். அரசு திறக்காத கோப்பை ஒரு நாவல் திறந்தது. இலக்கியத்துக்கு இது பெருமையாக இருக்கலாம். ஆனால் ஆவணக் காப்பகத்தின் வேலையை நாவலாசிரியர் செய்ய வேண்டியிருப்பது ஒரு நாட்டுக்கு நல்ல அடையாளமன்று.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இருபது இந்திய வீரர்கள் மாண்டனர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அதே கல்வானில்தான் 1962 ஜூலையில் இந்தியக் காவல் நிலை ஒன்றைச் சீனப் படை சுற்றி வளைத்தது. தாக்காமல் பின்வாங்கியதும் முன்னேறும் கொள்கை வென்றது என்று தில்லி நம்பியது. 2020இலும் நாட்டுக்குக் கிடைத்தவை, யாரும் நம் எல்லைக்குள் நுழையவில்லை என்ற பிரதமரின் ஒரு வாக்கியமும் மறுநாள் அதற்கு வந்த விளக்கமும்தான். 2024 அக்டோபரில் ரோந்து குறித்து உடன்பாடு எட்டப்பட்டது. எதை விட்டோம், எதைப் பெற்றோம் என்பது இப்போதும் நமக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. பூட்டிவைக்கும் பழக்கம் ஒரே ஓர் அறிக்கையோடு நிற்பதில்லை.

ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை நாளை திறக்கப்பட்டால் எல்லைச் சிக்கல் தீர்ந்துவிடாது. அதில் நம்மை அதிரவைக்கும் புதிய ரகசியம் எதுவும் இல்லாமலும் போகலாம். ஆனால், நாம்கா சூ ஓடைக்கரையில் கான்வாஸ் காலணியோடு நிறுத்தப்பட்டவர்கள் ஏன் அங்கே நிறுத்தப்பட்டார்கள் என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்டால், அரசாங்கம் தன் முத்திரையிட்ட ஒரு பதிலை அளித்தாக வேண்டும். அந்தப் பதில் 1963லேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. அதை அச்சிட்டுத் தரும் வேலைதான் மிச்சம். நினைவிடங்களில் மலர்வளையம் வைப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணும் ஒவ்வோர் அரசிடமும், அது எந்தக் கட்சியின் அரசாயினும், இதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.